கோலம் கொண்டாரும் கண்டாரும்: இரட்டைக் காப்பியங்களில் புகார் நகரின் பாத்திரமேற்பு ஆட்டங்கள்

முன்னுரை

ஐதராபாத்தைச் சேர்ந்த ஓகர் ஹெட் ஸ்டூடியோ என்னும் நிறுவனம் 2017ஆம் ஆண்டில் ‘அசுரா’ என்னும் கணினி விளையாட்டை வெளியிட்டது. புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் நிறுவனத்தின் ‘ராஜி’ 2020ஆம் ஆண்டில் வெளிவந்தது. முன்னதில் ஆடுபவர் ஓர் அசுரனாக நின்று போரிடுகிறார். பின்னதில் தம்பியைத் தேடிச் செல்லும் இளம்பெண்ணாகிறார். துர்க்கையும் திருமாலும் கதையை உரைத்துச் செல்ல, தெய்வங்கள் அளிக்கும் படைக்கலங்களைக் கொண்டு அவள் அசுரரை எதிர்க்கிறாள். இந்தியத் தொன்மங்களைக் களமாகக் கொண்ட இவ்வகை ஆக்கங்கள் இன்றைய மாணவர்களிடையே பெருவரவேற்பைப் பெற்றுள்ளன.

இவ்வாக்கங்களின் பின்னணியில் நிற்கும் பெருவகை, பாத்திரமேற்பு விளையாட்டு எனப்படும். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகைக்கு வடிவம் தந்தது. ஒருவர் தம்மின் வேறான ஒரு பாத்திரத்தை ஏற்கிறார். விதிகளால் ஆளப்படும் ஒரு கற்பனை உலகினுள் நுழைகிறார். தெய்வங்களிடம் வரம் பெறுகிறார். இடையிடையே சிறு ஆட்டங்களில் பங்கு கொள்கிறார். இறுதியில் ஒரு பெரும்பணியை முடிக்கிறார். கடற்கரை நகரமும் கோயில்களும் பூதங்களும் மந்திரங்களும் இவ்வுலகங்களில் மீண்டும் மீண்டும் இடம்பெறுவன.

இப்பட்டியல் தமிழ் கற்றோர்க்குப் புதியதன்று. கடலோர நகரம், அதனைக் காக்கும் தெய்வம், குற்றம் செய்தாரை உண்ணும் பூதம், வேற்றுருக் கொள்ளும் மந்திரம், வற்றாத அமுதப் பாத்திரம், இடையிடையே வரியும் குரவையும் அம்மானையும் என அனைத்தும் சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் உள்ளன. எனினும், ‘எம்மிடம் முன்பே இருந்தது’ என ஒப்புமைகளை அடுக்குவதால் விளையும் பயன் சிறிது. ஒருவர் பிறராகும்போது நேர்வது யாது, அதன் விளைவை ஏற்பவர் யார் என்னும் வினாவே ஒப்பீட்டுக்குப் பொருள் தருவது. இவ்வினாவை இரட்டைக் காப்பியங்கள் எவ்வாறு எதிர்கொள்கின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆடுதல் என்னும் சொல்லின் பரப்பு

‘ஆடு’ என்னும் வினை தமிழில் கூத்தாடுதல், விளையாடுதல், நீராடுதல் ஆகிய மூன்றையும் குறிக்கும். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை இம்மூன்றையும் ஒருங்கே தன்னகத்துக் கொண்டுள்ளது. மாதவியின் பதினோராடலும், நகர மாந்தரின் கடல் விளையாட்டும், நீராட்டு விழாவும் அக்காதையில் அடுத்தடுத்து வருகின்றன. தொல்காப்பியம் உரியியலில் ‘கெடவரல்’, ‘பண்ணை’ என்னும் இரு சொற்களுக்கு விளையாட்டு எனப் பொருள் கூறுகிறது. மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாக விளையாட்டைச் சேர்க்கிறது. ஆகவே விளையாட்டை இலக்கணத்துக்கும் இலக்கியத்துக்கும் உரிய பொருளாகக் கருதுவது தமிழ் மரபுக்கு அயலானதன்று.

மேலைநாட்டு ஆய்வாளருள் யோகான் ஹுயிசிங்கா 1938ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஹோமோ லூடன்ஸ்’ என்னும் நூலில், அன்றாட வாழ்விலிருந்து வரையறுத்துப் பிரிக்கப்பட்ட இடமும் காலமும் விளையாட்டுக்கு இன்றியமையாதன என்றார். 1958ஆம் ஆண்டில் ரோஜே கயுவா விளையாட்டை நால்வகைப்படுத்தி, அவற்றுள் ஒன்றாகப் ‘பிறர்போல் ஆதலை’ அமைத்தார். ஆடுபவர் தம்மையும் தாம் ஏற்ற பாத்திரத்தையும் வேறுபடுத்த இயலாது தம்மை இழந்துவிடுவதே இவ்வகையின் சிதைவு என்பது அவர் கருத்து. இக்கருத்து புகார் நகருக்குப் பொருந்துமா என்பது பின்னர்க் காணப்படும்.

விதிகளால் ஆன நகரம்

காவிரி கடலொடு கலக்கும் இடத்தில் அமைந்த புகார் வரலாற்று நகரமுமாகும். 1960களில் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில், கீழையூரில் செங்கல்லாலான படகுத்துறை வெளிப்பட்டது. ஆனால் காப்பியங்கள் காட்டும் புகார், துறைமுகமும் வணிகமும் மட்டும் கொண்ட நகரன்று. அறத்தின் விதிகள் கல்லாகவும் பொய்கையாகவும் பூதமாகவும் உருக்கொண்டு நிற்கும் நகரம்.

இந்திர விழவூரெடுத்த காதையில் வரும் ஐவகை மன்றங்கள் இதற்குச் சான்று. வெள்ளிடை மன்றம் பொதிகளைக் களவு செய்வாரைச் சுமையொடு சுழலச் செய்து பிறரை நடுங்க வைக்கும். இலஞ்சி மன்றத்தில் மூழ்கினார் உடற்குறை நீங்குவர். நெடுங்கல் நின்ற மன்றத்தை வலம் வந்தார் பித்தும் நஞ்சும் தெளிவர். பூத சதுக்கத்துப் பூதம் தீயோரைக் கயிற்றால் கட்டி உண்ணும். அரசன் கோல் கோடினும் அறங்கூறவையம் பிழைப்பினும் பாவை மன்றத்துப் பாவை வாய் பேசாது கண்ணீர் உகுக்கும். செயலும் அதன் விளைவும் இடத்தோடு பிணைக்கப்பட்டிருப்பதே இந்நகரின் இயல்பு. கற்பனை உலகொன்றை விதிகளோடு அமைத்தல் என இக்காலத்தார் கூறுவது இதுவே.

பூத சதுக்கத்துப் பூதம் தண்டிப்போரின் பட்டியலில் முதலிடம் பெறுவோர் தவக்கோலத்துள் மறைந்து ஒழுகும் பொய்யர் என்பது இங்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. கோலத்தைக் கருவியாக்கிப் பிறரை ஏய்த்தல் இந்நகரில் முதற்குற்றம். பொய்க்கரி கூறுவோரும் அப்பட்டியலில் உளர். அடைக்கலக் காதையில் மாடலன் நினைவூட்டும் நிகழ்ச்சி ஒன்றில், பொய்க்கரி கூறிய ஒருவனைப் பூதம் பற்றியபோது, அவன் தாயின் துயர் பொறாத கோவலன் தன்னுயிரை மாற்றாகத் தர முன்வருகிறான், பூதம் இசையவில்லை. விதியை இரக்கத்தாலும் வளைக்க இயலாத இடம் புகார். பொய்யைத் தண்டிக்கும் அப்பூதத்தின்முன் நின்ற அதே கோவலன், ஆடலைப் பொய்யெனக் கொண்டு மயங்குவதே சிலம்பின் திருப்பமாகிறது.

அரங்கு காக்கும் தெய்வக்கோலம்

புகாரில் தெய்வங்கள் கோயில்களில் மட்டுமின்றிக் கூத்திலும் உறைகின்றன. இந்திர விழாவைக் காண மனைவியோடு வந்த விஞ்சை வீரன் மாதவியின் பதினோராடலைக் காண்கிறான். சிவனுக்குரிய கொடுகொட்டி, பாண்டரங்கம், மாயோனுக்குரிய அல்லியம், மல், குடம், முருகனுக்குரிய துடி, குடை, காமனுக்குரிய பேடி, கொற்றவைக்குரிய மரக்கால், திருமகளுக்குரிய பாவை, இந்திராணிக்குரிய கடையம் என ஒரு பெண் ஒரே விழாவில் தெய்வங்கள் பலவாகின்றாள். ஆணாகவும் பெண்ணாகவும் பேடியாகவும் மாறுகின்றாள். காண்போருள் ஒருவரும் அவளைத் தெய்வமென மயங்கவில்லை. அவள் பொய்யுரைக்கின்றாள் எனவும் கருதவில்லை.

இத்தெளிவுக்குக் காரணம் அரங்கு. அரங்கேற்று காதை அதனை அளந்து காட்டுகிறது. எழுகோல் அகலமும் எண்கோல் நீளமும் ஒருகோல் உயரமும் உடைய மேடை, இரு வாயில்கள், மூவகை எழினிகள் ஆகியன அதன் உறுப்புகள். ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டுகள் பயின்று பன்னிரண்டாம் வயதில் மாதவி அம்மேடை ஏறுகிறாள். ‘இங்குத் தோன்றுபவள் பிறர்’ என்பதை மேடையின் ஒவ்வோர் அளவும் அறிவிக்கின்றது. எழினி ஆடுவாரையும் காண்பாரையும் பிரிக்கின்றது.

மேடையில்லா இடங்களிலும் வேறு வரையறைகள் உள. வேட்டுவ வரியில் எயினர் குலக்குமரிக்குக் கொற்றவைக் கோலம் பூட்டப்படுகிறது. ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஆயமகளிர் எழுவரைக் குரல் முதல் தாரம் வரை ஏழிசையின் பெயரால் அழைத்து வட்டமாக நிறுத்துகிறாள். குரல் மாயவனாகவும் இளி பலதேவனாகவும் துத்தம் பின்னையாகவும் கொள்ளப்படுகின்றனர். பாத்திரங்களைப் பகிர்ந்தளித்தல், இடம் வகுத்தல், வரிசை வகுத்தல் ஆகியவை எல்லாம் ஆட்டம் தொடங்குமுன்னரே முடிந்துவிடுகின்றன. பால் உறையாமை முதலிய தீக்குறிகளை நீக்க ஆடப்பெற்ற அக்குரவை கோவலன் உயிரைக் காக்கவில்லை என்பது உண்மை. ஆயினும் அக்கோலத்தால் எவர்க்கும் தீங்கு நேரவில்லை. தெய்வக்கோலம் உலகை மாற்றாதொழியலாம். ஆடுவாரையும் காண்பாரையும் அது பிணக்குறச் செய்வதில்லை.

கானல்வரி: வரையறை இழந்த ஆட்டம்

விழா முடிந்தபின் கோவலனும் மாதவியும் கடற்கரைக்குச் செல்கின்றனர். புன்னை நிழலில், புதுமணற் பரப்பில், ஓவிய எழினி சூழ அமளி இடப்படுகின்றது. எழினி என்னும் சொல் இங்கும் வருதல் காண்க. அரங்கத்து எழினி ஆடுவாரைக் காண்பாரிடமிருந்து பிரித்தது. கடற்கரை எழினியோ இருவரையும் ஒருங்கே உள்ளடக்கிக்கொண்டது. உடன் இருப்பவள் யாழை நீட்டும் வசந்தமாலை ஒருத்தியே. பாடுபவரே கேட்பவராகவும் கேட்பவரே பாடுபவராகவும் மாறும் இவ்விடத்தில், ‘இது ஆட்டம்’ என நினைவூட்ட ஓர் அவை இல்லை.

கோவலன் காவிரியைப் பாடித் தொடங்கிப் பின்னர் நெய்தல் மகள் ஒருத்தியிடம் மனம் இழந்த தலைவனின் கூற்றாகப் பாடுகிறான். மாதவி அவனுக்கு வேறொருத்திமேல் நாட்டம் உண்டெனக் கருதுகிறாள். யாழை வாங்கித் தானும் வேறு குறிப்பு உடையாள்போல், தலைவன் பிரிந்த நெய்தல் தலைவியின் கூற்றாகப் பாடுகிறாள். அவளுக்கு அத்தகைய குறிப்பு இல்லை என்பதை இளங்கோவடிகள் ஐயத்துக்கு இடமின்றி உணர்த்துகிறார். கோவலன் அதனை அறியாது எழுந்து செல்கிறான்.

இங்கு மீறப்பட்ட விதி யாது? அகப்பாடலில் எவரையும் சுட்டிப் பெயர் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த மரபு. தலைவன், தலைவி, தோழி என்னும் பாத்திரங்கள் பெயரற்றவை. ஆதலின் அவற்றை யாரும் ஏற்கலாம், ஏற்றபின் யாரும் களையலாம். பாத்திரமேற்பு ஆட்டம் ஒன்றின் அடிப்படை விதியாகவே இதனைக் கொள்ளலாம். கடற்கரையில் இருவரும் அவ்விதியை மீறினர். பெயரற்ற தலைவனுக்கு மாதவி கோவலன் என்னும் பெயரை இட்டாள்; பெயரற்ற தலைவிக்குக் கோவலன் மாதவி என்னும் பெயரை இட்டான். பாடலில் பிழையில்லை, கேட்டலில் பிழை நேர்ந்தது. எனினும் மாதவியின் மயக்கம் மற்றொரு பாடலாக வெளிப்பட்டதேயன்றி அவள் கோவலனை நீங்கவில்லை. கோவலனின் மயக்கமே பிரிவாயிற்று.

யாழிசையை வாயிலாகக் கொண்டு ஊழ்வினை வந்து உருத்தது எனக் காப்பியமே கூறுதலின், பலரும் இப்பிரிவின் காரணத்தை ஊழ் என்ற அளவில் நிறுத்திவிடுவர். அடியார்க்கு நல்லாரின் உரை கானல்வரிக்குக் கிடைக்காமற் போனமையால், இப்பகுதியின் நாடக இயல்பை உரைவழி நின்று விளக்கும் வாய்ப்பும் குறைந்தது. ஆனால் ஊழ் ஒரு வாயிலைத் தேடியது எனின், அவ்வாயில் எத்தகையது என வினவுதல் திறனாய்வின் கடமை. அவ்வாயில் கோலத்தை வாழ்வாகக் கொண்ட மயக்கமே எனலாம்.

எண்வகை வரியும் கோவலன் தீர்ப்பும்

இம்முடிவுக்கு வலுவான சான்று வேனிற்காதையில் உள்ளது. மாதவி தாழைமடலில் எழுதி வசந்தமாலை வழி அனுப்பிய ஓலையைக் கோவலன் ஏற்க மறுக்கிறான். மறுக்கும்போது, மாதவி தன்னோடு வாழ்ந்த காலத்து நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து, கண்கூடு வரி, காண்வரி, உள்வரி, புறவரி, கிளர்வரி, தேர்ச்சி வரி, காட்சி வரி, எடுத்துக்கோள் வரி என எண்வகை வரிக்கூத்தாக வகைப்படுத்துகிறான். அவள் அணுகியதும் ஊடியதும் வருந்தியதும் மயங்கியதும் நடிப்பே. ஆடல்மகள் ஆதலின் அவை அவளுக்குத் தக்கனவே என்பது அவன் தீர்ப்பு.

கலைச்சொற்களைக் கொண்டு காதலை மறுக்கும் இப்பகுதி சிலம்பின் கூர்மையான இடங்களுள் ஒன்று. கானல்வரியில் ஆட்டத்தை வாழ்வென மயங்கியவன், வேனிற்காதையில் வாழ்வை ஆட்டமென மயங்குகிறான். இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள். ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறும் மாலையை வாங்கி மாதவியின் மனை புகுந்தவன் அவன். அரங்கின் பரிசே அவ்விருவரையும் இணைத்தது. அவளது கலை அவனுக்கு உவகை தந்தவரை அது கலை. ஐயம் புகுந்தபின் அதுவே குற்றச்சாட்டு. ஆடல்குலத்தில் பிறந்த பெண்ணின் திறமையே அவளது சொல்லுக்கு எதிரான சான்றாக நிறுத்தப்படுகிறது.

புறஞ்சேரி இறுத்த காதையில் கோசிகன் கொணர்ந்த இரண்டாம் ஓலையைப் படித்தபின், பிழை மாதவியினுடையதன்று, தன்னுடையதே எனக் கோவலன் உணர்கிறான். காப்பியம் தன் தலைமகன் வாயாலேயே அத்தீர்ப்பை மாற்றி எழுதுகிறது. ஆனால் அவ்வுணர்வு பிறக்கும்போது அவன் மதுரையின் புறத்தே நிற்கிறான்; புகாருக்குத் திரும்பும் வழி அவனுக்கு இனியில்லை.

மணிமேகலையின் வேற்றுரு

தாய் பாடலில் பிறரானாள். மகள் உருவிலேயே பிறராகிறாள். மணிபல்லவத்தில் மணிமேகலா தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்களை அருளுகிறது. ஒன்று வேற்றுரு எய்துவிப்பது. ஒன்று வான்வழிச் செலுத்துவது. ஒன்று பசி நீக்குவது. வைகாசித் திங்கள் நிறைமதி நாளில் கோமுகிப் பொய்கையிலிருந்து எழுந்த அமுதசுரபியும் அவள் கைக்கு வருகிறது. கணினி விளையாட்டுகளில் தெய்வங்கள் அளிப்பன பெரும்பாலும் படைக்கலங்கள். இங்கு அளிக்கப்பட்ட எதுவும் பகைவரை வெல்லுதற்கு உரியதன்று. ஆதிரை இட்ட முதற்பிச்சையோடு தொடங்கி, அப்பாத்திரம் பிறர் வயிற்றை நிரப்புவதற்கே பயன்படுகிறது. பாண்டிநாட்டில் மழை பொழிந்து பசித்தோர் இல்லாதொழிந்தபோது அதனை ஏந்தியிருந்த ஆபுத்திரன் செய்வதறியாது கலங்கினான் என்பதும் நினையத்தக்கது. பெறுவோர் இன்றேல் பொருளற்றுப் போகும் வரம் இது.

உதயகுமரனின் தொடர்தலைத் தவிர்க்க மணிமேகலை காயசண்டிகையின் உருவை மேற்கொள்கிறாள். விருச்சிக முனிவரின் சாபத்தால் யானைத்தீ என்னும் பெரும்பசி நோயுற்றிருந்த அவ்விஞ்சைமகள், மணிமேகலை இட்ட அமுதால் நோய் நீங்கிப் புகாரை விட்டு அகன்றாள். அவ்வுருவில் நின்றே மணிமேகலை சிறைக்கோட்டம் புகுந்து அங்குள்ளோர்க்கு உணவளிக்கிறாள்; அரசனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுவிக்கிறாள். அவளது அறச்செயல்களுள் தலையாயது வேற்றுருவில் நிகழ்ந்தது. பிறரை ஏய்க்கும் பொய்க்கோலத்துக்கும் தன்னைக் காத்துப் பிறரைப் புரக்கும் கோலத்துக்கும் வேறுபாடு உண்டு என்பது இதனால் பெறப்படும். சதுக்கப் பூதம் அவளைத் தீண்டாமையும் இதனோடு இயைகிறது.

ஆயினும் கொடுமையும் அதே உருவில்தான் நேர்கிறது. பன்னிரண்டு ஆண்டுச் சாபக்காலம் முடிந்ததென மனைவியைத் தேடி வந்த காஞ்சனன், அவள் தன்னைப் பொருட்படுத்தாது உதயகுமரனிடம் உரையாடுவதைக் காண்கிறான். அவள் உரைத்ததோ, மூதாட்டி ஒருத்தியைச் சுட்டி யாக்கை நிலையாமையை விளக்கும் அறிவுரை. காஞ்சனன் அதனைக் காதலுரையாகக் கொள்கிறான். காயசண்டிகையின் உருவில் இருப்பவள் மணிமேகலையே என ஐயுற்ற உதயகுமரன் நள்ளிரவில் அம்பலம் புகுகிறான். மறைந்திருந்த காஞ்சனன் அவனை வாளால் எறிகிறான். கோலத்தை ஊடுருவிக் கண்டவன் மடிந்தான். கோலத்தை உண்மையெனக் கொண்டவன் கொன்றான்.

கானல்வரியும் இந்நிகழ்ச்சியும் ஒத்த அமைப்புடையன. இரண்டிலும் ஒரு பெண் வேறொருத்தியாகிறாள். இரண்டிலும் உரிமையுடையவனாகத் தன்னைக் கருதும் ஆடவன் அதனைத் தவறாகப் படிக்கிறான். இரண்டிலும் முடிவு உயிரிழப்பு. ஒன்றில் அது மதுரை வரை நீண்ட வழியில் வந்தது. மற்றொன்றில் ஒரே இரவில் வந்தது. கயுவா கூறிய சிதைவு ஆடுபவரிடத்து நிகழ்வது. மாதவியும் மணிமேகலையும் ஒருபோதும் தம்மை இழக்கவில்லை. தாம் யார் என்பதை அவர்கள் அறிவர். சிதைவு கண்டாரிடத்தே நிகழ்ந்தது. அதன் சுமையோ கொண்டாரிடம் வந்து சேர்ந்தது. மாதவி துறவு பூண்டாள். மணிமேகலை காவலில் வைக்கப்பட்டுப் பின்னர் இராசமாதேவியின் கொடுமைகளுக்கும் ஆளானாள். சிறையை அறக்கோட்டமாக்கியவளுக்கே காவல் வாய்த்தது என்னும் முரணைச் சாத்தனார் விளக்கவுரை எதுவுமின்றிக் காட்டிச் செல்கிறார்.

மறுதொடக்கமும் மறுபிறப்பும்

‘அசுரா’ சார்ந்துள்ள விளையாட்டு வகையில் ஆடுபவர் மடிந்தால் ஆட்டம் முதலிலிருந்து தொடங்கும். பிற வகைகளிலும் சேமித்து வைத்த இடத்திலிருந்து மீளத் தொடங்கலாம். மறுதொடக்கம் நேர்ந்ததைத் துடைத்துவிடுகிறது. ஆடுபவர் கற்ற பாடம் எஞ்சுமேயன்றி, அவ்வுலகினுள் எவர்க்கும் முன்னைய இழப்பு நினைவில் இராது.

மணிமேகலையிலும் உயிர்கள் மீளத் தொடங்குகின்றன. மணிபல்லவத்துப் புத்தபீடிகையின்முன் மணிமேகலை தன் பழம்பிறப்பை உணர்கிறாள். அப்பிறப்பில் அவள் இலக்குமி. உதயகுமரன் அவள் கணவன் இராகுலன். ஆனால் இங்கு மறுபிறப்பு எதனையும் துடைப்பதில்லை. முனிவர்க்கு உணவு கொணர்ந்த மடையன் கால் இடறி வீழ்ந்ததற்காக அவனை வாளால் எறிந்த இராகுலனின் வினை, உதயகுமரனின் தோளில் வாளாக இறங்கிற்று எனக் கந்திற்பாவை உரைக்கிறது. மறுதொடக்கத்தில் கணக்கு அழிகிறது. மறுபிறப்பில் கணக்கு தொடர்கிறது.

அவ்வாறாயின் காஞ்சனன் வெறுங்கருவியே எனக் கருத இடமுண்டு. பாவை அதற்கு இடந்தரவில்லை. உதயகுமரன் வீழ்ந்தது அவன் தீவினை வந்து உருத்ததனால் ஆயினும், அறியாது தீங்கிழைத்த காஞ்சனனையும் அவ்வினை அகலாது வந்து பற்றும் என்கிறது. இப்பகுதி இரட்டைக் காப்பியங்களின் ஊழ்க்கொள்கையைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது. ஊழ் ஒருவனது முடிவை விளக்கலாம். அம்முடிவை நிகழ்த்தியவனை அது விடுவிப்பதில்லை. கோலத்தைத் தவறாகப் படித்தமைக்கு அறியாமையும் காப்பாகாது. சிலம்பில் வாய் பேசாது கண்ணீர் உகுக்கும் பாவைக்கு மாறாக, மேகலையின் பாவை வாய் திறந்து இதனை உரைப்பது பொருளுடையதாகும்.

கோலம் களைதல்

வஞ்சி நகரில் மணிமேகலை மீண்டும் வேற்றுருக் கொள்கிறாள். மாதவன் வடிவில் சமயக்கணக்கர் பலரின் கொள்கைகளைக் கேட்கிறாள். இளம்பெண்ணின் வடிவில் சென்றால் மெய்ந்நூற்பொருள் உரைக்கப்படாது என்பது அதற்கு முன்னரே கூறப்பட்ட காரணம். கேட்பாரின் மனத்தடையால் ஒரு பெண் ஆண்கோலம் பூண வேண்டியதாயிற்று. இங்கும் சிக்கல் கண்டாரிடத்திலிருந்தே தொடங்குவது தெளிவு.

காஞ்சியில் அறவண அடிகளை அடைந்தபோது, வேற்றுருவில் நின்று தான் கேட்ட சமயங்கள் அவ்வுருவைப் போலவே செம்மையற்றன எனக் கூறி, மெய்ப்பொருளை அருளுமாறு வேண்டுகிறாள். தான் தரித்த உருவையே தான் கேட்ட கொள்கைகளுக்கு உவமையாக்கும் இக்கூற்று, காப்பியத்தின் கோலக் கருத்தனைத்தையும் ஒருமுகப்படுத்துகிறது. கோலம் கற்பதற்குத் துணை, காப்பதற்குத் துணை, ஈவதற்கும் துணை. அதிலேயே தங்கிவிடுதல் இல்லை. பாத்திரமேற்பு விளையாட்டுகளில் பாத்திரத்தின் ஆற்றல் பெருகிக்கொண்டே செல்லுதல் வெற்றி. மணிமேகலையின் பயணமோ மந்திரம் பெற்றுத் தொடங்கி, அம்மந்திரம் தந்த உருவை விடுத்து முடிகிறது.

விழா மறந்த நகரம்

புகாரின் முடிவும் ஆட்டத்தோடு தொடர்புடையதே. அகத்தியர் உரைப்பத் தூங்கெயில் எறிந்த தொடித்தோட் செம்பியன் தொடங்கிய இந்திர விழா இருபத்தெட்டு நாள் நிகழ்வது. அது மறக்கப்படின் நகருக்குத் தீங்கு விளையும் என மணிமேகலையின் முதற்காதையே எச்சரிக்கிறது. நாகநாட்டுப் பீலிவளை ஈன்ற மகன், கம்பளச் செட்டியின் கலம் உடைந்தமையால் கடலில் காணாமற்போக, நெடுமுடிக்கிள்ளி அவனைத் தேடி அலைந்து விழாவை மறந்தான். கடல் நகரைக் கொண்டது.

ஊர் முழுதும் ஒப்புக்கொண்ட விதிகளோடு, குறித்த காலத்தில், குறித்த களத்தில் நிகழும் பேராட்டமே விழா. கோலங்கள் தீங்கின்றி உலவ இடமளித்தது அவ்வொப்புதல். கானல்வரி விழாவின் விளிம்பில், அது முடிந்த பொழுதில் நிகழ்ந்தது. நகரின் அழிவு விழா நிகழாத ஆண்டில் நேர்ந்தது. களமும் காலமும் வரையறுக்கப்படாத இடத்தில் ஆட்டம் இடராகிறது; வரையறுத்த ஆட்டம் கைவிடப்படும்போது நகரமே இடருறுகிறது. இவ்விரண்டையும் ஒருங்கே உணர்த்துவது புகார்.

முடிவுரை

இரட்டைக் காப்பியங்களை விளையாட்டாகக் காண்பது இக்கட்டுரையின் கருத்தன்று. விளையாட்டுகளோடு வைத்து நோக்கும்போது, அவை விடுத்துச் செல்வதும் காப்பியங்கள் விடாது பற்றுவதும் புலனாகின்றன. அரங்கும் அவையும் காக்கும் வரை தெய்வக்கோலமும் தீங்கற்றது. அவை நீங்கிய கடற்கரையில் ஒரு பாடலும் பிரிவாகிறது. ஓர் உருவும் கொலையாகிறது. அங்ஙனம் நேரும்போது பிழை கோலம் கொண்டாரிடத்தன்று, கண்டாரிடத்தே என்பதைக் கோவலனின் பின்னுணர்வும் கந்திற்பாவையின் உரையும் நிறுவுகின்றன. சுமந்தவர் பெண்களே என்பதையும் காப்பியங்கள் மறைக்கவில்லை.

ஐதராபாத், புனே, சென்னை போன்ற நகரங்களில் தொன்மங்களைக் கணினித் திரைக்குக் கொணர்வோர் நாளை புகாரை நாடக்கூடும். சதுக்கப் பூதம் அழகிய எதிரியாகும். மூன்று மந்திரங்கள் மூன்று ஆற்றல்களாகும். அமுதசுரபி வற்றாத உணவுக்கலமாகும். இவற்றை வரைந்து காட்டுதல் எளிது. காயசண்டிகையின் உருவில் நிற்பவளைத் தன் மனைவியென நம்பி வாளோங்கும் காஞ்சனனை, மீளத் தொடங்க இயலாத ஓர் இரவில் நிறுத்திக் காட்டுதல் அரிது. அதனைக் காட்டாத புகார், பெயரளவில் மட்டுமே புகாராக இருக்கும். திரையின்வழிக் காப்பியத்துக்கு வரும் மாணவர்க்கு வகுப்பறை சேர்த்துத் தர வேண்டியதும் இவ்வரிய பகுதியே.